பெண் வீடு தெரியாத தட்டு

அக்கா எதைக் கண்டாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "உது ஆற்றை?" யாருடையது என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் கேட்பார்கள். பஸ் சீட்டில் கிடக்கும் குடையைக் கண்டால் ஆற்றை குடை. ஸ்ட்ரோலரில் அழும் குழந்தையைக் கண்டால் ஆற்றை பிள்ளை. நானூறு ஐந்நூறு வருஷப் பழைய இத்தாலியத் தட்டொன்றை முதன்முதலாகக் கண்ட காலையிலும் அதையேதான் கேட்டார். ஒரு கையில் ஸ்பிரே போத்தல், மற்றக் கையில் துணி, கண்ணாடிப் பெட்டியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து நின்றுகொண்டு, "பிள்ளை, உது ஆற்றை வீட்டுப் பீங்கான்?" என்றார்.

பக்கத்தில் வைத்திருந்த அட்டையை வாசித்தேன். ஏதோ ஒரு பிரபுக் குடும்பத்தின் பெயர் இருந்தது. என் வாய்க்குள் அது நுழையவில்லை.

"ஆரோ பெரிய ஆக்கள், அக்கா."

"பெரிய ஆக்கள் எண்டு பாக்கவே தெரியுதுதானே. சும்மா ஆக்கள் பீங்கானிலை சிங்கம் கீறுவினமே? ஊர் எது?"

ஊரின் பெயரையும் வாசித்துச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினார், அந்த ஊருக்கு எத்தனையோ தரம் கலியாண வீட்டுக்குப் போய்வந்தவர்போல.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுப் பனிக்காலம். ரொறன்ரோ நகரத்தின் நடுவே, ஒரு செல்வந்தர் சாகும்போது விட்டுப்போன கல்வீட்டைச் சின்ன அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார்கள். வீடு முழுக்க அவர் வாங்கிச் சேர்த்த தட்டுகளும் ஜாடிகளும். துப்புரவு செய்ய இரண்டு பேர், அக்காவும் நானும். காலை ஏழு மணிக்குப் போய், பத்து மணிக்குக் கதவு திறக்குமுன் முடித்துவிட வேண்டும். இருவருமே ஸ்காபரோவிலிருந்து வருகிறவர்கள். கென்னடி ஸ்டேஷனில் சந்தித்துச் சேர்ந்து சப்வே ஏறுவோம். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், எனக்கு இருபத்தாறு. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பொய் சொன்னவள் நான். அவர் பெயரைப் போட்டு எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மனிதர்களைக் கண்டால் அக்காவிடம் மூன்று கேள்விகள் இருந்தன. எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்? ஆற்றை மகள்? மூன்றாவதற்குப் பதில் வருவதற்குள் அந்த ஆளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் காண்கிற தமிழர் ஒருவரையும் விடமாட்டார். சிலருடைய பதிலுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கோபமெல்லாம் கிடையாது, வாயில் ஒரு கெட்ட சொல் வராது. சும்மா ஜன்னலைப் பார்ப்பார். வெளியே இருட்டைத் தவிர ஒன்றுமில்லாத சுரங்கத்திலும் பார்ப்பார். அந்தப் பார்வை யார் யாருக்குக் கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என்னைப் பெற்ற ஐயா ஊருக்குத் துணி வெளுத்தவர். எங்கள் பக்கத்தில் கட்டாடி என்பார்கள். நல்லது கெட்டது எதுவானாலும் பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்ட ஐயாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இல்லாமல் ஒரு கலியாணமும் நடக்காது, ஒரு பாடையும் எழும்பாது. ஆனால் அதே வீடுகளில் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க வேலியோரம் தனியாக ஒரு தகரப் பேணி கவிழ்ந்திருக்கும். முதல் நாள் சப்வேயில் அக்கா என்னிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது அந்தப் பேணி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கடல் கடந்து, விமானம் மாறி மாறி வந்தும் அது பின்னாலேயே வந்துவிட்டதே என்று ஆத்திரமாக இருந்தது.

"கோயிலடி வாத்தியாற்றை மகள்" என்றேன்.

"ஆர், வேட்டி சட்டையெல்லாம் பால்வெள்ளையாப் போட்டுக்கொண்டு திரிவார் எண்டு சொல்லுவினம், அவரோ?"

"ஓம் அக்கா. அவர்தான்."

"நான் கேள்விப்பட்டிருக்கிறன். நல்ல ஆக்கள்."

அந்த வேட்டி எப்படிப் பால்வெள்ளையாக இருந்தது என்பது எனக்குத் தெரியாதா? அதற்கு நீலம் போட்டு அலசியதே நான்தான். வாத்தியார் வீட்டுத் துணி, விதானையார் வீட்டுத் துணி, கடைக்காரர் வீட்டுத் துணி எல்லாவற்றையும் பிரித்துக் கட்டுவது சின்ன வயதிலிருந்தே என் வேலை. ஐயா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருந்தார். சேங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தோய்த்து, சேலைத் தலைப்பிலும் வேட்டி மூலையிலும் கோடும் புள்ளியுமாகப் போடுவார். எத்தனை வெளுத்தாலும் போகாது. எழுத்து கிடையாது, ஐயாவுக்கு எழுதத் தெரியாது. எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் குறி இல்லை. எல்லாவற்றையும் பிரித்து முடித்தபின் குறியில்லாமல் மிஞ்சுவது எங்களுடையது.

ஆகவே அக்கா அந்தத் தட்டுகளின் முன்னால் நின்று ஆற்றை, ஆற்றை என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்குள் அவரைவிட இந்த விஷயத்தில் தேர்ந்தவள் நான்தான். வாயை மூடிக்கொண்டு கம்பளத்துக்கு வாக்கூம் பிடித்தேன்.

இனி அவரைப் பற்றி நல்லதாகவும் சொல்ல வேண்டும். சொல்ல நிறைய இருக்கிறது.

அவருடைய கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு நெயில் பொலிஷ் குப்பி இருக்கும். நகத்துக்கு ஒருநாளும் பூசிக் கண்டதில்லை. அது பாத்திரத்துக்கு. அவர் குடியிருந்த கட்டடத்தில் பாதிக்கு மேல் நம்மவர்கள். பார்ட்டி ரூமில் பிறந்தநாள், பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்தியவீடு என்று வந்தால் எல்லா வீட்டுச் சட்டியும் ஒரே மேசைக்கு வரும். எல்லாமே ஒரே கடையில் வாங்கிய ஒரே அச்சுச் சட்டி. அக்கா தன்னுடையவற்றின் அடியில் தன் பெயரின் இரண்டு எழுத்தைச் சிவப்பாக எழுதி வைத்திருப்பார். எங்கள் தும்புத்தடிக்கும் வாளிக்கும்கூட எழுதினார். றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு என்னை ஒரு பனிநாளில் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நூறு ஜோடி கறுப்புப் பூட்ஸ் கிடந்தன, ஒன்றுக்கும் மற்றதுக்கும் வித்தியாசமில்லை. அக்கா குனிந்து என் பூட்ஸின் இரண்டு குதியிலும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

"இனி நீ துலையமாட்டாய்" என்றார்.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.  கனடாவுக்கு வந்து இரண்டு வருஷத்தில் நான் தொலைந்தால் தேட ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு பழக்கம். யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார். வேலை முடிந்து அடித்தளத்து அறையில் இருவரும் சாப்பிடுவோம். மிச்சத்தை மாற்றிக்கொள்வோம். நான் புட்டுக் கொடுத்துவிட்ட சட்டி மறுநாள் இரண்டு தோடம்பழத்தோடு வரும். வீட்டில் ஒன்றுமில்லாத நாளில் ஒரு பிடி சீனியாவது இருக்கும்.

"எதுக்கக்கா உதெல்லாம்? சட்டியைத் தந்தால் காணாதே?"

"வெறுஞ்சட்டி குடுக்கிறதும் ஒருத்தரை வாசலிலை வைச்சுப் போ எண்டு சொல்லுறதும் ஒண்டுதான், பிள்ளை."

ஒரு காலை அருங்காட்சியகப் பொறுப்பாளர் வேளைக்கே வந்து, ஒரு பெட்டியைத் திறந்து தட்டுகளை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சங்கிலியில் மூக்குக்கண்ணாடி தொங்கவிட்ட வெள்ளைக்கார அம்மா. எங்களோடு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். ஒரு தட்டைத் திருப்பினார். அடியில் பொடி எழுத்தில் சிவப்பாக ஒரு இலக்கம். அக்கா கத்தினார் என்றே சொல்ல வேண்டும். "பிள்ளை! ஓடி வா! இவையளும் அடியிலை போட்டிருக்கினம்!" கோட்டுப் பையிலிருந்து நெயில் பொலிஷை எடுத்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். விஷயத்தை நான் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தியதும் அந்த அம்மா கண்ணீர் வரச் சிரித்தார். முன்பெல்லாம் தாங்களும் நெயில் பொலிஷ்தான் பாவித்ததாகச் சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு அக்காவைப் பிடித்துப்போயிற்று. வேளைக்கு வருகிற நாட்களில் ஒவ்வொரு தட்டாகக் காட்டுவார், நான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். மயோலிக்கா என்று பெயராம். களிமண் தட்டை ஒருமுறை சுட்டு, ஈயம் கலந்த வெள்ளைக் கலவையில் தோய்த்து எடுப்பார்களாம். "எங்கட பித்தளைக்கு ஈயம் பூசுறது மாதிரியோ?" என்றார் அக்கா. உலோகம் அதே வெள்ளீயம்தான், ஆனால் இது அதைச் சேர்த்த கண்ணாடிப் பூச்சு என்றார் அந்த அம்மா. அது காய்ந்து மாவாக நிற்கும்போது அதன்மேல் நீலமும் மஞ்சளும் பச்சையும் வைத்து வரைந்து இரண்டாம் முறை சுடுவார்கள். தூரிகை பட்ட உடனே மாவு நிறத்தை உறிஞ்சிவிடும். பிழையாக வைத்த கோட்டை எடுக்க முடியாது. அக்காவுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. வழி நெடுக, "ஒருக்கா வைச்சால் வைச்சதுதானாம், பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

சிங்கம், கோபுரம், செட்டை விரித்த கழுகு என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சின்னம். விருந்தில் சாப்பிட்டு முடிக்கிற விருந்தாளி தட்டின் நடுவில் அந்த வீட்டின் சின்னத்தைப் பார்க்க வேண்டும். கலியாணத்துக்குச் செய்வித்த தட்டென்றால், கேடயத்தை நடுவாலே பிரித்து இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டுச் சின்னம், வலப்பக்கம் பெண் வீட்டுச் சின்னம். அப்படி ஒரு தட்டு ஜன்னலோரப் பெட்டியில் தனியாக இருந்தது. இடப்பக்கம் நீலத்தில் மஞ்சள் ஏணி. வலப்பக்கம் பச்சைத் தரையில் ஒரு வெள்ளைப் பறவை. ஏணிக்காரர் இன்னார் என்று அட்டையில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே: மனைவியின் குடும்பம் தெரியவில்லை.

அக்காவால் இதைத் தாங்க முடியவில்லை.

"பொம்பிளை பகுதி ஆரெண்டு தெரியாதாமோ? இவ்வளவு பெரிய வீட்டிலை எடுத்திருக்கினம். விசாரியாமலே செய்திருப்பினம்?"

"அவைக்குத் தெரிஞ்சிருக்கும் அக்கா. பேந்து வந்த ஆக்களுக்குத் தெரியேல்லை."

"எண்டாலும் ஒருத்தருமே எழுதி வைக்கேல்லையே, பார்."

அந்தப் பெட்டியின் கண்ணாடியை மட்டும் அவர் இரண்டு தரம் துடைப்பார். துடைத்துக்கொண்டே பறவையிடம் கதைப்பார். "இண்டைக்காவது சொல்லன் மோளே, நீ ஆற்றை பிள்ளை?" எனக்கு அந்தப் பறவையின்மேல் பொறாமையாக இருக்கும். ஐந்நூறு வருஷமாகக் கேட்டும் அது வாய் திறக்கவில்லை. நான் முதல் நாளே திறந்து பொய்யைக் கொட்டிவிட்டேன். ஒவ்வொரு நாளும் அக்கா அன்பாக இருக்க இருக்க எனக்குப் பயம் கூடியது. அன்பெல்லாம் கோயிலடி வாத்தியாரின் மகளுக்கு. அவளை எனக்கு ஆகவும் நெருக்கமாகத் தெரியாது.

மாட்டிக்கொண்டது என் கெட்டித்தனத்தால்.

ஒரு திங்கட்கிழமை அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கட்டடத்தில் சாமத்தியவீடு, இருபது வீட்டுச் சட்டிகள் கலந்துபோய்விட்டன. இவரைப் பார்த்து இப்போது எல்லாப் பெண்களும் நெயில் பொலிஷ் போடத் தொடங்கிவிட்டார்கள். எல்லாமே சிவப்பு. பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. பெரிய தட்டம் ஒன்றை யாரோ தன்னுடையது என்று கொண்டு போய்விட்டார்கள்.

"எழுத்து எல்லாருக்கும் ஒண்டுதானேயக்கா. எழுத்து வேண்டாம்" என்றேன். கையை நீட்டி அந்தக் குப்பியை வாங்கினேன். சாப்பிட்டு முடித்து மூடியிருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அதன் அடியில் போட்டுக் காட்டினேன். "ஒரு கோடு, சரிச்சு. மேலை ரண்டு புள்ளி, கீழை ஒண்டு. இது ஒரு வீடு. கோட்டை மற்றப் பக்கம் சரிச்சால் வேறை வீடு. ஒரு புள்ளியைத் தூக்கினால் வேறை. நூறு வீட்டுக்கு நூறு விதமாப் போடலாம், ஒண்டோடை ஒண்டு முட்டாது."

முதலில் போட்டது ஊரில் எந்த வீட்டுக்கும் இல்லாத ஒரு குறி. அந்த நிமிஷம் கைக்கு வந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு கை அந்த வேலையைச் செய்கிறது! டப்பாவின் அடி முழுக்க மளமளவென்று போட்டுக்கொண்டே போனேன். பெருமையில் மூளை வேலை செய்யவில்லை. நிமிர்ந்தபோது அக்கா டப்பாவைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது சேலைத் தலைப்பிலை போடுற குறியெல்லே?" என்றார். பிறகு, மெதுவாக, "உனக்கு உதை ஆர் காட்டித் தந்தது?"

நான் குப்பியை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.  அந்த அடித்தளத்து அறைக்கு ஜன்னல் கிடையாது. அக்கா சுவரைப் பார்த்தார்.

மறுநாள் காலை, முந்தின வெள்ளிக்கிழமை நான் இடியப்பம் கொடுத்துவிட்ட சட்டியைக் கொண்டு வந்து தந்தார். பளபளவென்று கழுவித் துடைத்திருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பிடி சீனிகூட இல்லை. அக்காவுக்கு மறந்துபோயிருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் எதையும் மறக்கிறவர் அல்ல.

இரண்டு வாரம் அவர் மேல்தளம், நான் கீழ்த்தளம். சப்வேயில் நான் முன்பெட்டியில் ஏறினேன், அவர் எங்கே ஏறினார் என்று பார்க்கவில்லை. என் மனதுக்குள் அவரை எவ்வளவு திட்டினேன் என்று எழுதினால் இந்தக் கடதாசி நாறும். இன்றைக்கு அதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்வேன். மற்றப் பாதியை எடுக்கமாட்டேன்.

மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, நான் ஜன்னலோரப் பெட்டிக்குப் பக்கத்தில் வாக்கூமோடு நின்றேன். அக்கா படியிறங்கி வந்தார். கையில் ஒரு புதுச் சட்டி, மூடியிட்டு, சூடு கையில் படாமல் துவாயால் சுற்றியிருந்தது. கொழுக்கட்டை வாசம் வந்தது. என் முன்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பாவம், வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்திருப்பார்.

"பிள்ளை, நான் உதொண்டும் பாக்கிறேல்லை. உன்ரை ஐயாவை மாதிரி ஆக்கள் எங்கட வீட்டுக்கும் வந்துபோறவைதானே. நாங்கள் அவையை ஒருநாளும் குறைவா நடத்தேல்லை."

இதைவிடப் பேசாமல் இருந்திருக்கலாம். வந்துபோகிறவர்கள் எந்த வாசல்வரை வந்துபோனார்கள் என்று எனக்குத் தெரியும்.

"எனக்குப் பசியில்லை அக்கா."

"வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடன்."

"வேண்டாம். பேந்து சட்டி திருப்பித் தரவேணும். எனக்கு நினைவு நிக்காது."

"திருப்பித் தரத் தேவையில்லை. உது உன்ரைதான் பிள்ளை."

அவர் துவாயை விலக்கிச் சட்டியை இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேரே தூக்கினார். எதற்காக இவ்வளவு உயரத் தூக்குகிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வாக்கூமின் பொத்தானை அமத்தினேன். அந்த இரைச்சலில் அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு கம்பளத்தின் மறு கரைவரைக்கும் போனேன். திரும்பி வந்தபோது அக்கா இல்லை. என் வாழ்நாளில் ஒரு வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளியது அன்றைக்குத்தான். எங்கள் வீட்டுக்குச் செய்ததை நான் திருப்பிச் செய்துவிட்டேன் என்று அன்று முழுக்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் அவருடைய மகன் விட்பியில் வீடு வாங்கினான். அங்கிருந்து வேலைக்கு வர முடியாது என்று நின்றுவிட்டார். கடைசி நாளில் ஜன்னலோரப் பெட்டியை இரண்டு தரம் துடைத்ததை மேலேயிருந்து பார்த்தேன். இறங்கிப் போகவில்லை. மறுவருஷம் நானும் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேறு வேலைக்குப் போனேன். கலியாணமாயிற்று, ஒரு பிள்ளை பிறந்தது. அவருடைய மகனின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஐந்து வருஷத்தில் எத்தனையோ முறை ரிசீவரை எடுத்திருக்கிறேன். எடுத்தால் முதலில் அவர் கேட்கவேண்டும் என்று நினைப்பேன். எதைக் கேட்கவேண்டும் என்று தெரியாமல் வைத்துவிடுவேன்.

தொண்ணூற்றொன்பது தைப்பொங்கலன்று றிச்மண்ட் ஹில் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். பூட்ஸ் மூன்று ஜோடி மாறிவிட்டது, ஆனால் புதிது வாங்குகிற ஒவ்வொரு முறையும் குதியில் சிவப்புப் புள்ளி வைப்பதை நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பேன். பக்கத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி என் குதியைப் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உந்தப் புள்ளி ஆர் வைச்சது? என்ரை மாமி உப்பிடித்தான் வைப்பா."

அக்காவின் மருமகள். மாமி போன ஐப்பசியில் இறந்துபோனா என்றாள். மூச்சு முட்டு வந்து மூன்று நாள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தாவாம். கோயில் வாசலில், ஒரு காலில் பூட்ஸோடு, நான் அதைக் கேட்டேன்.

"நீங்கள் மாமியோடை பீங்கான் மியூசியத்திலை வேலை செய்த அக்காவோ? அப்ப உங்கட ஒரு சட்டி எங்களிட்டை இருக்கு. ஒருத்தரையும் தொட விடமாட்டா. ஆற்றை எண்டு கேட்டால் 'அது அவளின்ரை, வருவாள்' எண்டுவா. எவள் எண்டு எங்களுக்கு விளங்கிறேல்லை."

அடுத்த வெள்ளி விட்பியிலிருந்து கார் ஓட்டிக் கோயிலுக்குக் கொண்டு வந்து தந்தாள். சட்டி கனத்தது. "சீனி போட்டிருக்கிறன். வெறுமையாக் குடுத்தால் மாமிக்குப் பிடிக்காது" என்றாள்.

வீட்டுக்கு வந்து சீனியை வேறு போத்தலில் கொட்டினேன். பிறகு சட்டியைக் கவிழ்த்தேன்.

அடியில் சிவப்பாக ஒரு கேடயம். கை நடுங்கிய கோடு, ஒரு பக்கம் பெருத்திருந்தது. அதை நடுவாலே பிரித்து இடப்பக்கம் அக்காவின் இரண்டு எழுத்து. வலப்பக்கம் ஒரு சரிந்த கோடு, மேலே இரண்டு புள்ளி, கீழே ஒன்று. ஒரே அளவு, ஒரே உயரம். நெயில் பொலிஷ் தடித்துப்போயிருந்தது. நகத்தால் தடவிப் பார்த்தேன். உரிய உரிய மேலே பூசியிருக்கிறார். ஓரத்தில் மூன்று நான்கு விதச் சிவப்பு தெரிந்தது. ஐந்து வருஷமும் அதை அழிய விடவில்லை.

ஐயா ஊரிலிருந்த அத்தனை வீட்டுக்கும் குறி போட்டார். எங்கள் வீட்டுக்கென்று ஒருவர் போட்ட முதல் குறி அது. பெண் வீடு யாரென்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் எழுதியிருந்தார். அன்றைக்கு வாயால் சொல்லத் தெரியாமல் சொல்லிக் குழப்பியதைச் சட்டியின் அடியில் சரியாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை நான் பார்க்கவேண்டும் என்றுதான் இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தார். அப்போதுதான் நான் வாக்கூமின் பொத்தானை அமத்தினேன்.